சியரா இ.வி.யில் பின் சீட் எப்படி இருக்கும்? இன்ச் டேப்போடு ஒரு கணக்கு

பெங்களூருவிலிருந்து கோலார், முல்பாகல் வழியாகத் திருப்பதி போகிறவர்களுக்குப் பலமனேர் பழகிய ஊர். பாதித் தூரம் தாண்டியிருக்கும். டிபன், காபி, கொஞ்சம் நடை. ஊரைத் தாண்டினால் மொகிலி காட் இறக்கம், அப்புறம் சித்தூர். தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் ஒரே டீக்கடையில் காதில் விழும்.

சில மாதங்களுக்கு முன் அம்மா, அக்கா, நான் மூவரும் ஒரு மின்சார எஸ்.யூ.வி. வாடகைக் காரில் இதே வழியில் போனோம். சத்தமே இல்லாத பயணம், ஜில்லென்ற ஏ.சி., குறை சொல்ல ஒன்றும் இல்லை என்றுதான் முன் சீட்டில் இருந்த எனக்குத் தோன்றியது. பலமனேரில் இறங்கிய அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் அப்படியே நின்றார். "வண்டி நல்லாதான் இருக்கு. ஆனா மணையில உட்கார்ந்து வந்த மாதிரி இருக்குப்பா" என்றார். டிரைவர் அண்ணா சிரித்தார். "பெரியவங்க எல்லாரும் இதத்தான் சொல்றாங்கம்மா. கீழ பேட்டரி இருக்குல்ல."

இந்தக் கட்டுரைக்கு ஆரம்பம் அந்த 'மணை'தான்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

2025 நவம்பர் 25 அன்று டாடா சியரா பெட்ரோல், டீசல் வடிவங்களில் திரும்ப வந்தது. ஆரம்ப விலை 11.49 லட்சம் ரூபாய். அடுத்து வரப்போவது மின்சார சியரா. அதன் ரேஞ்ச், விலை, மோட்டார் பற்றியெல்லாம் ஊகங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. சீட் பற்றிய ஊகமும் உண்டு, அதற்குக் காரணமும் உண்டு.

1991-ல் வந்த முதல் சியராவின் அடையாளமே அதன் பின் சீட்தான். மூன்று கதவு வண்டி. பின்னால் ஏற வேண்டுமென்றால் முன் சீட்டை மடக்கித்தான் நுழைய வேண்டும். உள்ளே போய்விட்டால் பக்கவாட்டில் கூரை வரை வளையும் பெரிய கண்ணாடி; ஆனால் அது திறக்காது. 2020 ஆட்டோ எக்ஸ்போவில் சியரா மின்சார கான்செப்டாக மீண்டும் தலைகாட்டியது, 2023-ல் ஐந்து கதவுகளோடு வந்தது. பின்னால் இரண்டே பேர் சாய்ந்து உட்காரும் 'லவுஞ்ச்' சீட் வரும் என்ற பேச்சு அப்போது கிளம்பியதுதான். இன்னும் அடங்கவில்லை.

லவுஞ்ச் வருமா? இருக்கிற தரவை வைத்துப் பார்த்தால் வாய்ப்பு குறைவு. டாடா இதுவரை தனிநபர்களுக்கு விற்ற மின்சாரக் கார்களை வரிசையாகப் பாருங்கள்: நெக்ஸான், டிகோர், டியாகோ, பஞ்ச், கர்வ், ஹாரியர். ஆறு மாடல்களும் ஐந்து சீட். எரிபொருள் மாறியதற்காகச் சீட் எண்ணிக்கையை அந்த நிறுவனம் ஒருமுறைகூட மாற்றியதில்லை. ஹாரியரை எடுத்துக்கொண்டால் டீசலிலும் மின்சாரத்திலும் வீல்பேஸ் அதே 2741 மி.மீ., சீட்டும் அதே ஐந்து. பெட்ரோல் சியராவும் ஐந்து சீட்தான். ஒரு தனி லவுஞ்ச் அமைப்புக்குச் சீட், அதன் பிடிமானம், பெல்ட் எல்லாவற்றையும் மறுபடி வடிவமைத்து மறுபடி சோதிக்க வேண்டும். அந்தச் செலவை மீட்கும் அளவுக்கு, 'நான்கு பேர் போதும்' என்று சொல்லும் குடும்பங்கள் நம்ம ஊரில் எத்தனை? கல்யாண சீசனில் ஐந்து சீட்டில் ஏழு பேரை ஏற்றுகிற நாடு இது.

திரும்பும் சீட் ஊகத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். கியா இ.வி.9-க்குச் சில நாடுகளில் இரண்டாம் வரிசை சீட்டைப் பின்பக்கமாகத் திருப்பும் வசதி உண்டு, வண்டி நிற்கும்போது மட்டும். 2024 அக்டோபரில் 1.30 கோடி ரூபாய் விலையில் அதே கார் இந்தியாவுக்கு வந்தபோது ஆறு சீட், காலுக்குத் தாங்கி, மசாஜ் எல்லாம் இருந்தன. திருப்பும் வசதி இல்லை. ஒண்ணே கால் கோடிக்கு மேல் கொடுத்தும் கிடைக்காதது சியராவில் வரும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் ஓவர்.

ஆக, சீட் எத்தனை என்பதில் பெரிய சஸ்பென்ஸ் இல்லை. நிஜமான கேள்வி, அந்த சீட் தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் என்பதுதான். அதைப் பற்றி யாரும் பேசுவதாகத் தெரியவில்லை.

மணை எப்படி உருவாகிறது?

பெட்ரோல் காரில் உங்கள் கால் இருக்கும் இடத்துக்குக் கீழே ஒரு இரும்புத் தகடு, அவ்வளவுதான். டேங்க் பின் சீட்டுக்கு அடியில், புகைக்குழாய் நடுவில். மின்சாரக் காரில் இரண்டு அச்சுகளுக்கும் இடையில் தரை முழுக்க பேட்டரி படுத்திருக்கும். செல், குளிர்விக்கும் தட்டு, மேலும் கீழும் பாதுகாப்பு உறை எல்லாம் சேர்த்துப் பொதுவாக 10 முதல் 15 செ.மீ. தடிமன். ஓர் உதாரணம்: மஹிந்திராவின் புதிய மின்சார எஸ்.யூ.வி.களில் இருக்கும் பி.ஒய்.டி. 'பிளேடு' வகை செல் நின்ற வாக்கில் மட்டுமே 9 செ.மீ. உயரம்.

இந்த 10-15 செ.மீ. எங்கே போகும்? கீழே தள்ள முடியாது, நம்ம ஊர் ஸ்பீட் பிரேக்கருக்கு கிரவுண்ட் கிளியரன்ஸ் வேண்டும். கூரையை இஷ்டத்துக்கு உயர்த்தினால் காற்றுத் தடை கூடி ரேஞ்ச் குறையும். மிச்சம் இருப்பது ஒரே வழி: காலடித் தரை மேலே வரும், சீட் இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளி சுருங்கும். முட்டி மேலே போகும், தொடை சீட்டைத் தொடாது, உடம்பின் எடை முழுக்க இடுப்பில் விழும். கார் விமர்சனங்களில் 'அண்டர் தை சப்போர்ட் குறைவு' என்று ஒரு வரியில் கடந்து போவது இதைத்தான்.

வீட்டுக்கு வந்ததும் இன்ச் டேப் எடுத்தேன். (தொழில் புத்தி.) அம்மாவின் முட்டி உள்மடிப்பிலிருந்து தரை வரை 41 செ.மீ. அந்த வாடகை வண்டியின் பின் சீட் முன் விளிம்பு, ஆள் உட்கார்ந்து அமுங்கிய நிலையில், தரையிலிருந்து 31 செ.மீ. இதை டிரைவர் அண்ணாவின் அனுமதியோடு சித்தூரில் ஏற்கனவே அளந்து வைத்திருந்தேன். எங்கள் வீட்டு டைனிங் நாற்காலி 45.

காலை நேராகக் கீழே வைத்தால் அம்மாவின் முட்டி சீட்டைவிட 10 செ.மீ. மேலே நிற்கும். தொடை சீட்டில் படிய வேண்டுமென்றால் பாதத்தை முன்னால் நீட்ட வேண்டும். எவ்வளவு? எட்டாம் வகுப்பு பித்தாகரஸ் போதும். 41-ன் வர்க்கத்திலிருந்து 31-ன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் கிட்டத்தட்ட 27 செ.மீ.

அதே சீட் 5 செ.மீ. மட்டும் உயரமாக, அதாவது 36-ல் இருந்தால்? 20 செ.மீ. போதும். தரை 5 செ.மீ. உயர்ந்ததற்கு அம்மா கொடுக்கும் விலை 7 செ.மீ. கால் இடம். எனக்கு முட்டி உயரம் 47. எனக்கு 31-ல் 35 செ.மீ. வேண்டும், 36-ல் 30.

அந்த 27 செ.மீ. எங்கிருந்து வரும்? முன் சீட்டுக்கு அடியிலிருந்துதான். மின்சாரக் கார்களில் முன் சீட்டுக்கும் மோட்டார், வென்டிலேஷன் ஃபேன் எல்லாம் வைக்கிறார்கள். முன்னால் இருப்பவர் சீட்டை முழுக்கக் கீழே இறக்கிவிட்டால் பின்னால் இருப்பவரின் பாதம் நுழைய இடமே இருக்காது. எங்கள் பயணத்தில் சீட்டை இறக்கி வைத்திருந்த மகானுபாவர் நான்தான்.

வீல்பேஸ் இவ்வளவு, லெக் ரூம் இவ்வளவு என்று பிரசுரத்தில் போடும் எண்களில் இது எதுவும் தெரியாது. முட்டிக்கும் முன் சீட்டுக்கும் நடுவில் ஒரு அடி இடம் இருக்கும், போட்டோவில் பிரமாதமாக இருக்கும். தொடை அந்தரத்தில் இருக்கும்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

இது இந்தியாவின் பிரச்சினை மட்டும் இல்லை. முதல் தலைமுறை நிஸ்ஸான் லீஃபில் பேட்டரியைக் காலடியில் பரப்பாமல் சீட்டுகளுக்கு அடியில் அதிகமாக அடுக்கினார்கள். தாழ்வான ஸ்போர்ட்ஸ் காரான போர்ஷே டைகானில் பின் பயணிகளின் பாதம் வரும் இடத்தில் பேட்டரியையே வெட்டிக் குழி விட்டிருக்கிறார்கள். அதற்குப் பெயர் 'கால் கராஜ்'. விலையுயர்ந்த கார், தைரியமாகச் செய்ய முடிகிறது. பேட்டரியின் ஒரு பகுதியை இழக்கிறோம் என்றால் ரேஞ்ச் எண் குறையும். 15-25 லட்ச ரூபாய்ச் சந்தையில் ரேஞ்ச் எண்தான் விளம்பரத்தின் முதல் வரி.

மலிவான வழி ஒன்று இருக்கிறது: சீட்டையும் சேர்த்து உயர்த்துவது. அதற்குத் தலைக்கு மேல் இடம் வேண்டும். சியராவைப் பற்றி எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வருவது இங்கேதான்.

கர்வ் இ.வி.யும் சியராவும் நீளத்தில் கிட்டத்தட்ட ஒன்று: 4310, 4340 மி.மீ. ஆனால் கர்வ் கூப்பே. கூரை பின்னால் சரிகிறது. பின் சீட்டை உயர்த்தினால் தலை இடிக்கும். சியரா பெட்டி மாதிரி, கூரை கடைசி வரை நேராகப் போகிறது. அதைவிட முக்கியம் வீல்பேஸ். கர்வ் 2560, சியரா 2730. அச்சுகளுக்கு நடுவில் 170 மி.மீ. கூடுதல் இடம், ஹாரியரைவிட 11 மி.மீ. மட்டுமே குறைவு. பேட்டரியை அடுக்காமல் பரப்பி வைக்கலாம். கர்வில் 45, 55 கிலோவாட் அவர். ஹாரியரில் 65, 75. சியராவுக்கு இந்த நான்கில் எது வந்தாலும் தடிமனைக் கூட்டாமல் வைக்க இடம் இருக்கிறது என்பது என் கணிப்பு.

எதிர்ப்பக்கமும் சொல்லிவிட வேண்டும். பெரிய பனோரமிக் சன்ரூஃப் சியராவின் விற்பனைப் பேச்சில் முக்கியமான ஒன்று. அதன் சட்டமும் திரையும் தலைக்கு மேல் சில சென்டிமீட்டரைத் தின்னும். சன்ரூஃப் இல்லாத கீழ் வேரியண்ட்டில் அதே பின் சீட் இன்னும் வசதியாகத் தோன்றலாம். விலை கூடக் கூட வசதி கூடும் என்ற கணக்கு இங்கே பொய்த்துப்போகலாம்.

மூன்று வரிசை வேண்டுபவர்கள் வேறு பக்கம் பார்க்க வேண்டியிருக்கும். 2025 ஜூலையில் வந்த கியா கேரன்ஸ் கிளாவிஸ் இ.வி. ஏழு சீட், பலமனேர் இருக்கும் அதே ஆந்திராவின் பெனுகொண்டா ஆலையில் தயாராவது. அதே ஆண்டு நவம்பரில் மஹிந்திரா எக்ஸ்.இ.வி. 9எஸ் ஏழு சீட்டோடு வந்தது. மூன்றாம் வரிசை என்பது பெட்ரோல் காரிலேயே பின் அச்சுக்கு மேல் உட்காரும் இடம், முட்டி ஏற்கனவே தாடைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். குழந்தைகளுக்கு சரி. மாமனாருக்குக் கொடுத்தால் நீங்களே பொறுப்பு.

சாய்ந்து தூங்கலாமா?

பின் சீட்டைச் சாய்க்கும் வசதி இன்று எல்லோரும் விளம்பரம் செய்வது. மணைப் பிரச்சினைக்கு அது ஒரு சமாளிப்பும்கூட. முதுகைச் சாய்த்தால் இடுப்பு முன்னால் நகரும், முட்டி இறங்கிய மாதிரி இருக்கும். ஆனால் இதைச் சாதாரணமாக விட முடியாது.

சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை இடுப்பு எலும்பில் பிடிக்க வேண்டும். நன்றாகச் சாய்ந்து, தொடைக்கும் தாங்கல் இல்லாமல் இருக்கும்போது வண்டி மோதினால், உடம்பு பட்டைக்கு அடியில் வழுக்கும். பட்டை எலும்பை விட்டு வயிற்றில் ஏறி இறுக்கும். உள்ளுறுப்புகள் சிதையும். 'சப்மரைனிங்' என்பார்கள், நீர்மூழ்கி மாதிரி கீழே போவதால். சீட்டின் முன் பகுதி சற்று உயர்ந்து தொடையைத் தாங்குவது சொகுசுக்கு மட்டும் இல்லை. அந்த வழுக்கலைத் தடுக்கும் முதல் தடையும் அதுதான்.

பின் சீட்டில் பெல்ட் போடுவது மத்திய மோட்டார் வாகன விதி 138(3)-ன்படி ஏற்கனவே கட்டாயம், போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். 2022 செப்டம்பர் 4 அன்று பால்கர் அருகே சைரஸ் மிஸ்திரி விபத்தில் இறந்தபோது அவர் பின் சீட்டில் பெல்ட் இல்லாமல் இருந்தார் என்பது பெரிய செய்தியானது. கொஞ்ச நாள் எல்லோரும் போட்டோம். இப்போது?

ஐந்து நட்சத்திரம் வாங்கிய கார் என்றால் பின் சீட்டும் பாதுகாப்புதானே என்று கேட்கலாம். பாரத் என்கேப் சோதனை 2023 அக்டோபரில் தொடங்கியது. ஹாரியர் இ.வி., மஹிந்திரா எக்ஸ்.இ.வி. 9இ இரண்டுமே பெரியவர் பாதுகாப்பில் 32-க்கு 32, குழந்தைகள் பாதுகாப்பில் 49-க்கு 45 எடுத்தவை. அருமையான மதிப்பெண்தான். ஆனால் முன்பக்க மோதலில் அந்த 'பெரியவர்' பொம்மைகள் உட்காருவது முன் சீட்டுகளில். பின்னால் இருப்பது குழந்தை இருக்கையில் வைத்த 18 மாதம், 3 வயது பொம்மைகள். பின் சீட்டில் சாய்ந்து தூங்கும் 65 வயது அம்மாவுக்கு அந்த மதிப்பெண்ணில் தனிக் கட்டம் கிடையாது.

பெங்களூரு - சென்னை விரைவுச்சாலை இதே சித்தூர் மாவட்டத்தின் வழியாகத்தான் போகிறது. 262 கி.மீ., மணிக்கு 120 கி.மீ. வேகத்துக்கு வடிவமைக்கப்பட்டது, கர்நாடகப் பகுதி ஏற்கனவே பயன்பாட்டில் இருக்கிறது. முழுக்கத் திறந்ததும் பின் சீட்டில் சாய்ந்து தூங்கிக்கொண்டு 120-ல் போவது சாதாரணமாகிவிடும். வண்டி ஓடும்போது எவ்வளவு சாய்க்கலாம், நிற்கும்போது எவ்வளவு என்று பயனர் கையேட்டில் போட்டிருக்கும். வாங்கும் எந்தக் காரானாலும் அந்தப் பக்கத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

மொகிலி காட் தரும் தலைசுற்றல்

சீட்டோடு சேர்த்துப் பேச வேண்டிய இன்னொன்று, வாந்தி. பலமனேரிலிருந்து சித்தூர் பக்கம் இறங்கும்போது அக்கா கண்ணை மூடிக்கொண்டார். மின்சாரக் காரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் பிரேக் பிடித்து பேட்டரியை நிரப்பும். ஓட்டுபவருக்கு அது எப்போது நடக்கும் என்று தெரியும், உடம்பு தயாராகிவிடும். பின்னால் போன் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஒவ்வொரு வளைவிலும் முன்னறிவிப்பு இல்லாத ஒரு இழுப்பு. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'வேகம் மாறுது' என்கிறது, கண் 'ஒண்ணும் நடக்கலையே' என்கிறது. தலைசுற்றல் அங்கே ஆரம்பம். தாழ்ந்த சீட், உயரமான ஜன்னல் விளிம்பு, முன்னால் பெரிய ஹெட்ரெஸ்ட் எல்லாம் சேர்ந்தால் சாலையே தெரியாது, நிலைமை மோசமாகும்.

சியராவின் பெரிய பக்கக் கண்ணாடி அழகுக்காக வைத்தது என்றாலும் இந்த விஷயத்தில் உதவும். ஓட்டுபவர் ரீஜென் அளவைக் குறைத்து வைத்தால் இன்னும் உதவும். காட்டில் அதிகம் வைத்தால் பேட்டரி நிறையும் என்பது உண்மைதான், ஆனால் யாராவது பின்னால் கவரைத் தேடும்போது அந்த இரண்டு சதவீதம் பெரிதாகத் தெரியாது.

சீட் வென்டிலேஷன் பற்றி ஒரே வரி: வேலூர், சித்தூர் வெயிலில் அது ஆடம்பரம் கிடையாது. சீட் ஃபேனுக்குச் சில பத்து வாட் போதும், ஏ.சி. கம்ப்ரசருக்கு ஆயிரக்கணக்கில் வேண்டும். முதுகு குளிர்ந்தால் ஏ.சி.யை ஒரு படி குறைக்கலாம். பெரும்பாலும் அதை முன் சீட்டுக்கு மட்டும் கொடுக்கிறார்கள் என்பதுதான் எரிச்சல்.

ஷோரூமில் என்ன பார்ப்பது?

வண்டி வந்ததும் டெஸ்ட் டிரைவ் எடுப்பவர் பெரும்பாலும் முன் சீட்டைவிட்டு நகர்வதே இல்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். இந்த முறை வீட்டில் முட்டி வலி இருப்பவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். முன் சீட்டை ஓட்டுவதற்குச் சரியாக, ஆனால் முழுக்கக் கீழே இறக்கி வையுங்கள். அதன் பின்னால் அவரை உட்கார வைத்து, பாதம் முன் சீட்டுக்கு அடியில் நுழைகிறதா என்று பாருங்கள். தொடைக்கும் சீட்டுக்கும் நடுவில் உங்கள் உள்ளங்கை தாராளமாகப் போனால் அது மணை. ஐந்து நிமிடம் போதாது, இருபது நிமிடமாவது உட்காரச் சொல்லுங்கள். விற்பனையாளர் அவசரப்படுத்துவார், படுத்தட்டும்.

நடு சீட்டில் மூன்று முனை பெல்ட்டும் ஹெட்ரெஸ்ட்டும் இருக்கிறதா, தரை நடுவில் மேடு இருக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடலாம். இரட்டை மோட்டார் வேரியண்ட் வந்தால் பின் சீட்டை அதிலும் தனியாக உட்கார்ந்து பாருங்கள். ஹாரியர் இ.வி.யில் முன் பெட்டி ஒற்றை மோட்டாரில் 67 லிட்டர், இரட்டை மோட்டாரில் 35. ஒரே காரின் இரண்டு வேரியண்ட்டில் இடக்கணக்கு அந்த அளவுக்கு மாறும்.

இன்ச் டேப் எடுத்துப் போனால் ஷோரூமில் சிரிப்பார்கள். போன் கேமராவில் அளக்கும் ஆப்பும் உண்டு, ஆனால் மெத்தை போன்ற பரப்பில் அது ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தப்பாகக் காட்டுகிறது. நாம் தேடுவதே ஐந்து சென்டிமீட்டர் என்பதால் டேப்தான் நல்லது.